கோட் எழுதாத ஒரு நாள்: பொழுதுபோக்குப் புரோகிராமர் விடுப்பு எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா மகளுக்குக் காதுகுத்து. விடியற்காலையில் கிளம்பி, குலதெய்வக் கோயிலில் மொட்டை, காதுகுத்து, கிடா விருந்து எல்லாம் முடிந்து வீடு வந்து சேரும்போது இரவு மணி 11:35. கால்கூடக் கழுவவில்லை, லேப்டாப்பைத் திறந்தேன். புரோகிராமின் அறிமுகக் குறிப்பான ரீட்மீ கோப்பில் ஒரு காற்புள்ளியை நீக்கி, கமிட் போட்டு (மாற்றத்தைப் பதிந்து), புஷ் செய்தேன் (தளத்துக்கு அனுப்பினேன்). பன்னிரண்டு அடிப்பதற்குள், புரோகிராமர்கள் கோட் வைக்கும் கிட்ஹப் தளத்தில் என் பக்கத்தின் அன்றைய கட்டம் பச்சையானது; அன்று ஏதாவது எழுதினால் பச்சை, எழுதாவிட்டால் காலி. அப்புறம்தான் தூக்கம் வந்தது. இன்னொரு அவசர நாளில் அதே காற்புள்ளியைத் திரும்பப் போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதில் எனக்குச் சம்பளம் கிடையாது. பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். இரவில் ஆசைக்காக ஒரு சின்னப் புரோகிராம் எழுதுகிறேன்: வெண்பாவைக் கொடுத்தால் சீர் பிரித்து, தளை (சீருக்குச் சீர் பொருந்த வேண்டிய விதி) தட்டும் இடத்தைக் காட்டும். மூன்று வருஷமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதைப் பயன்படுத்துகிறவர்கள் என்னோடு சேர்த்து ஐந்து பேர். அந்த ஐவரில் ஒருவர்கூட அந்தக் காற்புள்ளியைக் கேட்கவில்லை.

விடுப்பு எடுக்க ஒரு வழிகாட்டியா என்று சிரிப்பு வரலாம். அலுவலகத்தில் விடுப்பு வேண்டுமென்றால் எழுதிக் கொடுக்க ஒரு விண்ணப்பம் இருக்கிறது, கையெழுத்துப் போட மேலாளர் இருக்கிறார். பொழுதுபோக்கில் விடுப்புக் கேட்க ஆளில்லை. கேட்க ஆளில்லாத விடுப்பு கிடைப்பதும் இல்லை. கீழே உள்ளதெல்லாம் நான் செய்து பார்த்து, சிலவற்றில் சறுக்கி, இப்போது பழக்கமாகிவிட்டவை.

படி 1: யாருக்குக் கடன் என்று எழுதிப் பாருங்கள்

உறுத்தல் வரும்போது அது ஒரு கடன்காரனின் குரலில்தான் வரும். “இன்னிக்கு ஒண்ணும் பண்ணலையே?” கடன் என்றால் கொடுத்தவன் ஒருவன் இருக்க வேண்டும். ஒரு தாளை எடுத்து இந்த வாக்கியத்தை எழுதுங்கள்: “நாளை நான் கோட் எழுதாவிட்டால் நஷ்டப்படுகிறவர் ______.” கோடிட்ட இடத்தில் ஆள் பெயர் எழுத வேண்டும். ‘முன்னேற்றம்’, ‘ஒழுக்கம்’ என்றெல்லாம் எழுதக் கூடாது; அவற்றுக்கு நஷ்டப்படத் தெரியாது.

பெரும்பாலானோருக்கு இடம் காலியாகவே இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அப்படியானால் படி 2-க்குப் போய்விடலாம்.

சிலருக்கு உண்மையிலேயே ஒரு பெயர் வரும். உங்கள் நூலகத்தை (மற்றவர் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளும் கோட் தொகுப்பை) யாரோ பயன்படுத்துகிறார், அதில் ஒரு பக் (பிழை) அவர் வேலையை நிறுத்தியிருக்கிறது. இது நிஜக் கடன்தான், ஆனால் அதை அடைக்க முழு நாள் தேவையில்லை. “பார்த்தேன், புதன்கிழமை உட்காருகிறேன்” என்று இரண்டு வரி பதில் போட்டாலே பாதி அடைந்துவிடும். எதிரில் இருப்பவருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது ஒரு தேதிதான். பாதுகாப்புக் குறைபாடு என்று யாராவது தெரிவித்திருந்தால் மட்டும் விடுப்பைத் தள்ளிப் போடுங்கள்.

கோடிட்ட இடத்தில் ‘நான்’ என்று வருவதுதான் சிக்கலான வகை. வேலை மாற வேண்டும், அதற்காக ராத்திரியில் புதிய மொழி படிக்கிறேன், ஒரு நாள் விட்டால் எனக்குத்தான் நஷ்டம் என்பார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் அதற்குப் பெயர் பொழுதுபோக்கு இல்லை, பரீட்சைக்குப் படிப்பது. பரீட்சைக்குப் படிக்கிறவனுக்குக் கால அட்டவணை இருக்கும், அதில் ஓய்வும் இருக்கும். இரண்டையும் ஒரே ரெப்போவில் (கோட் சேமிக்கும் பெட்டியில்) போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஆசைக்கு எழுதுகிற விளையாட்டின்மேலும் பரீட்சை பயம் வந்து உட்காருகிறது. பிரித்துவிடுங்கள். படிப்புக்கு வாரத்தில் இந்த நாட்கள், விளையாட்டுக்குத் தோன்றுகிற நாட்கள்.

படி 2: எண்ணிக்கையைக் கண்ணிலிருந்து எடுங்கள்

கிட்ஹப் தன் சுயவிவரப் பக்கத்தில் பச்சைக் கட்டங்களைக் கொண்டுவந்தது 2013-இல். தொடர்ந்து எத்தனை நாள் பங்களித்தீர்கள், இதுவரை மிக நீண்ட தொடர் எது என்ற எண்களும் பக்கத்திலேயே இருந்தன. 2016 மே மாதம் அந்த எண்களை எடுத்துவிட்டார்கள். கட்டங்கள் மட்டும் மிஞ்சின. அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று ஆய்வாளர்கள் சிலர் பார்த்து, 2021-இல் வெளியிட்டார்கள். எண் மறைந்ததும் நீண்ட தொடர்கள் அறுந்திருக்கின்றன, வார இறுதி வேலை குறைந்திருக்கிறது, ஒரே ஒரு பங்களிப்பு மட்டும் உள்ள நாட்களும் குறைந்திருக்கின்றன. மூன்றாவதைப் படித்ததும் எனக்கு என் காற்புள்ளி ஞாபகம் வந்தது. அன்று நான் பண்ணியது என்னுடைய தனிப்பட்ட பைத்தியம் என்று நினைத்திருந்தேன். ஊர்ப் பைத்தியம்தான் போலிருக்கிறது.

கட்டம் எதை எண்ணுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி மரியாதை போய்விடும். ஒரு தனிக் கிளையில், அதாவது கோடின் பக்கப் பிரதியில், நான்கு மணி நேரம் உழைத்து, அதை முதன்மைக் கிளையில் சேர்க்காமல் விட்டால் கட்டம் காலி. இன்னொருவரின் ரெப்போவை ஃபோர்க் செய்து (நம் பெயரில் நகல் எடுத்து) அதில் எழுதினாலும், அது மூல ரெப்போவில் சேரும்வரை காலிதான். ரீட்மீயில் ஒரு புள்ளி வைத்தால் பச்சை. கமிட்டின் தேதியை நாமே முந்தைய நாளாக மாற்றிப் போடலாம், மாற்றங்களைப் பதிகிற மென்பொருளான கிட் ஒரு கேள்வியும் கேட்காது. காகிதத்தில் படம் போட்டு யோசித்த இரண்டு மணி நேரம் எந்தக் கணக்கிலும் வராது. புரோகிராமிங் புதிர்ப் பயிற்சித் தளமான லீட்கோடில் விட்டுப்போன நாளை நிரப்ப ஒரு டிக்கெட்டே உண்டு, அந்தத் தளத்தின் காசைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அங்கே நாள் மாறுவது நமக்கு விடிகாலை 5:30-க்கு, ஏனென்றால் அவர்கள் கடிகாரம் கிரீன்விச் நேரம். உங்கள் ஞாயிற்றுக்கிழமை எங்கே முடிகிறது என்பதைக்கூட வேறு யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

மறைப்பது எப்படி? கிட்ஹப் அமைப்புகளில் சுயவிவரத்தைத் தனிப்பட்டதாக்கி, செயல்பாட்டை மறைக்கும் தெரிவு இருக்கிறது. ஆனால் அது அடுத்தவர் கண்ணுக்குத்தான் மறைக்கும், உங்கள் பக்கத்தை நீங்கள் திறந்தால் கட்டங்கள் அப்படியே நிற்கும். நான் செய்தது இரண்டு காரியம். உலாவியின் புக்மார்க்கைச் சுயவிவரப் பக்கத்திலிருந்து நேராக ரெப்போ பக்கத்துக்கு மாற்றினேன். விளம்பரத் தடுப்பு நீட்சியில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து மறைக்கும் வசதியைக் கொண்டு அந்தக் கட்டப் பெட்டியையே மறைத்தேன். முதல் வாரம் கை பரபரத்தது. பிறகு மறந்துவிட்டது.

தினமும் எழுதுவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. இணையப் பக்கங்களுக்கான கோட் நூலகமான ஜேகுவெரியை உருவாக்கிய ஜான் ரெசிக், வார இறுதியில் மட்டும் தன் சொந்த வேலைகளைச் செய்துவந்தவர், 2013 கடைசியில் தினமும் எழுதுவது என்று மாறினார்; 2014 ஏப்ரலில் அதைப் பற்றி எழுதியபோது பலரும் அவரைப் பின்பற்றினார்கள். அவருடைய விதிகள் கறாரானவை: உருப்படியான கோடாக இருக்க வேண்டும், ஆவணம் எழுதுவதும் வரி தள்ளி அழகுபடுத்துவதும் செல்லாது, நள்ளிரவுக்குள் முடிக்க வேண்டும். என் காற்புள்ளி அவர் விதிப்படியும் செல்லாத காசு. ஆனால் அவர் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. வாரம் ஒருமுறை மட்டும் உட்கார்ந்தால், ஒரு வார இறுதி தவறினாலே விட்ட இடம் மறந்துபோகிறது; மறுபடி மண்டையில் ஏற்றவே நேரம் போய்விடுகிறது.

ஆக, விடுப்பால் உண்மையிலேயே தொலைவது ஒன்றுதான்: விட்ட இடம். அதைக் காப்பாற்றிவிட்டால் தொலைய வேறொன்றும் இல்லை. அடுத்த படி முழுக்க அதைப் பற்றித்தான்.

படி 3: முந்தின இரவு கடையை ஒழுங்காகச் சாத்துங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். மளிகைக் கடைக்காரர் ஷட்டரை இழுப்பதற்கு முன்னால் கல்லாவை எண்ணுவார், மறுநாள் வாங்க வேண்டிய சரக்கைத் துண்டுச் சீட்டில் குறிப்பார், பிறகு பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அவர் மனசில் கடை இருக்காது. நாமோ ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டுப் படுக்கப் போகிறோம்.

பாதியில் நின்ற வேலை மனசைப் பிடித்து இழுக்கும் என்று 1927-இல் எழுதியவர் உளவியலாளர் புளூமா ஸைகார்னிக். முடித்த வேலைகளைவிடத் தடைபட்ட வேலைகள் அதிகம் ஞாபகத்தில் நின்றன என்பது அவருடைய சோதனை முடிவு. பின்னாளில் அதைத் திரும்பச் செய்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த இழுப்பு எனக்குப் பழக்கமானதுதான். எனக்கு அதிகம் உதவியது உளவியலாளர்கள் மாசிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் 2011-இல் வெளியிட்டது. வேலையை முடிக்காவிட்டாலும் பரவாயில்லை, எப்போது, எப்படி முடிப்பது என்று தெளிவான திட்டம் ஒன்று போட்டுவிட்டாலே அந்த நச்சரிப்பு அடங்கிவிடுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். கடைக்காரரின் துண்டுச் சீட்டு செய்வதும் அதைத்தான்.

நான் சாத்தும் முறை இது. பதினைந்து நிமிடம் போதும், அலாரம் வைத்துக்கொள்வேன்.

முதலில், புதிதாக ஒன்றும் தொடங்கக் கூடாது. “இதை மட்டும் முடிச்சிட்டு” என்ற வாக்கியம்தான் இரவு இரண்டு மணிக்குக் கூட்டிக்கொண்டு போகும். கையில் இருப்பது ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஒரு தனிக் கிளையில் ‘அரைகுறை’ என்று பெயரிட்டுக் கமிட் செய்து புஷ் பண்ணிவிடுவேன். லேப்டாப் கீழே விழுந்தால்கூட நஷ்டமில்லை.

அடுத்து, ஒரு டெஸ்ட்டை (கோட் சரியா என்று சோதிக்கும் குட்டிப் புரோகிராமை) தோற்கும்படி விட்டுவைப்பேன். இது, டெஸ்ட்டை முதலில் எழுதும் முறையைப் பரப்பிய கென்ட் பெக் சொல்லிக்கொடுத்த தந்திரம். தனியாக எழுதுகிறவர் எழுந்து போகும்போது கடைசி டெஸ்ட் தோற்கிற நிலையில் விட வேண்டும், குழுவாக எழுதினால் எல்லாம் தேறிய நிலையில் விட வேண்டும் என்பார் அவர். திரும்ப வந்து டெஸ்ட்டுகளை ஓட்டினால் சிவப்பாக ஒன்று நிற்கும். எங்கே தொடங்குவது என்று யோசிக்கவே வேண்டாம்.

கடைசியில் மூன்று வரிக் குறிப்பு. இப்போது எங்கே நிற்கிறது, உட்கார்ந்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம் என்ன, எதில் சந்தேகம். என் நோட்டிலிருந்து ஒன்று, அப்படியே (அசை என்பது சீரின் துண்டு, நேர், நிரை என இரண்டு வகை; நேர்நிரை கூவிளம், நிரைநேர் புளிமா):

“நிற்கும் இடம்: அசை பிரிப்பு ஓடுகிறது, ஆனால் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் மட்டும் ‘கொடியில்’ கூவிளம் என்று வருகிறது. புளிமா வர வேண்டும். முதல் காரியம்: அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாக அச்சிட்டுப் பார். சந்தேகம்: குறில் நெடில் பட்டியலில் ‘ஒ’ விட்டுப்போயிற்றோ?”

‘முதல் காரியம்’ பத்து நிமிடத்தில் முடிகிற அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். “அசை பிரிப்பைச் சரிசெய்” என்று எழுதினால் அது குறிப்பு இல்லை, மிரட்டல்.

படி 4: விடுப்பு நாள்

நாளை முன்கூட்டியே குறித்துவிடுங்கள். அசதியில் விழுந்துபோன நாளை இரவு பத்து மணிக்கு “சரி, இன்னிக்கு லீவு” என்று அறிவித்தால் அது விடுப்பாகாது, தோல்விக்குப் போட்ட சட்டையாகத்தான் மனசுக்குப் படும். எங்கள் தெரு சலூனுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அன்றைக்கு முடி வெட்ட முடியவில்லையே என்று கடைக்காரர் கூசி நான் பார்த்ததில்லை. ஏன் செவ்வாய் என்று கேட்டால் “அப்படித்தான்” என்பார். நாள் கிழமையோடு ஒட்டிவிட்டால் காரணம் தேட வேண்டியதில்லை.

இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையேகூட நாராயண் மேகாஜி லோகண்டே தலைமையில் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் பல வருஷம் கேட்டு, 1890-இல் பெற்றது. ஒருவன் தனக்குத் தானே முதலாளியாக இருக்கும்போது அந்தக் கோரிக்கையை வைப்பது இன்னும் கஷ்டம்.

சரஸ்வதி பூஜையை நினைத்துக்கொள்ளுங்கள். சின்ன வயசில் புத்தகத்தையெல்லாம் அடுக்கிப் பொட்டு வைத்துவிட்டால், மறுநாள் விஜயதசமி பூஜை முடிகிறவரை தொடக் கூடாது. படிக்காமல் இருப்பதற்கு அம்மாவே காவல். எனக்குத் தெரிந்து உறுத்தலே இல்லாத விடுப்பு அது ஒன்றுதான். பட்டறையில் லேத்துக்கும், ஆசாரி வீட்டில் உளிக்கும் அன்று சந்தனமும் குங்குமமும். இப்போது எங்கள் வீட்டில் லேப்டாப்பும் அந்த வரிசையில் உட்காருகிறது. மற்ற விடுப்பு நாட்களிலும் நான் அதையே சின்ன அளவில் செய்கிறேன்: லேப்டாப்பை மூடி, பீரோவில் வைத்து, சார்ஜரை வேறு அறையில் போட்டுவிடுவேன். சாவியெல்லாம் வேண்டாம். எழுந்து போய் எடுக்க வேண்டியிருந்தாலே பாதி தடவை எடுக்க மாட்டோம்.

அன்று செய்யக் கூடாதவை என்று பார்த்தால், புரோகிராமிங் வீடியோ பார்ப்பதுதான் முதலில் நிற்கும். கோட் எழுதவில்லை, வீடியோதானே என்று தோன்றும். ஓய்வும் கிடைக்காது, வேலையும் நடக்காது. அடுத்தது, ரெப்போவின் மின்னஞ்சல் அறிவிப்புகள். அவற்றை முந்தின இரவே நிறுத்திவிடுங்கள்.

மாலை ஆறிலிருந்து ஒன்பதுதான் கஷ்டமான நேரம். வழக்கமாக உட்காருகிற நேரம் அது, கைக்கு வேலை இல்லாமல் இருக்கும். அந்த மூன்று மணி நேரத்துக்கு மட்டும் முன்கூட்டியே ஏதாவது ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நான் அப்பாவோடு நடந்து போய் டீ குடித்துவிட்டு வருவேன். அவருக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் நடப்பார், அதுவே முக்கால் மணி நேரம் எடுத்துவிடும்.

மனசு பாட்டுக்குப் புரோகிராமை நினைத்தால் தடுக்க வேண்டாம். தடுத்தால் நாள் முழுக்க அதனோடு மல்லுக்கட்டுவதாகிவிடும். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருங்கள். தோன்றியதை ஒரு வரியில் எழுதி மூடுங்கள், போனில் வேண்டாம்.

அப்படி ஒரு விடுப்பு மாலையில்தான் அந்த ‘கொடியில்’ பிடிபட்டது. டீக்கடைக்கு எதிரே ஓர் ஓட்டலுக்குப் பலகை எழுதிக்கொண்டிருந்தார் ஒருவர். ‘கொத்து பரோட்டா’. முதலில் ஒற்றைக் கொம்பைப் போட்டார், அடுத்து க, கடைசியில் கால். மூன்று துண்டு! எழுத்துகளுக்கு எண் கொடுத்துக் கணினியில் வைக்கும் முறையான யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாக வைக்கலாம். க-வும், கொம்பும் காலும் சேர்ந்த ஒற்றைக் குறியும் என இரண்டு எண்ணாக வைப்பது ஒன்று; க, கொம்பு, கால் என்று தனித்தனியே மூன்று எண்ணாக வைப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய கோப்புகளில் இருந்தது மூன்று துண்டு வகை. என் புரோகிராம் கடைசியில் இருந்த காலைப் பார்த்து, ‘கா’ போல நெடில் என்று எடுத்துக்கொண்டது. ‘கொடி’ என்ற நிரை உடைந்து கொ நேராகவும், டியில் நிரையாகவும் ஆகிவிட்டது. அதனால்தான் புளிமா கூவிளமாகி, தளை தட்டாத வெண்பாவில் தளை தட்டுவதாகக் காட்டியது. குறில் பட்டியலில் ஒரு தப்பும் இல்லை. நோட்டில் “கொம்பு + கால் தனித்தனி?” என்று எழுதி மூடினேன். மறுநாள், உள்ளே வருகிற எழுத்துகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் யூனிகோட் நார்மலைசேஷனை ஒரு வரியில் சேர்த்தேன். தீர்ந்தது.

கணித மேதை பொங்காரே, வேலையை மறந்து ஊர் சுற்றப் போன இடத்தில் பஸ் படியில் கால் வைத்த நொடியில் விடை கிடைத்ததாக எழுதியிருக்கிறார். இதையெல்லாம் சொல்லும்போதே ஒரு தயக்கமும் வருகிறது. ஓய்வெடுத்தால் நல்ல யோசனை வரும் என்று ஓய்வெடுத்தால், அது இன்னொரு ஷிஃப்ட் வேலைதான். அந்த நோட்டு பெரும்பாலான விடுப்பு நாட்களில் வெறுமையாகவே வீடு திரும்பியிருக்கிறது. அந்த நாட்களும் நன்றாகத்தான் இருந்தன.

படி 5: மறுநாள் வட்டி கட்டாதீர்கள்

நேற்று எழுதாததற்கு இன்று இரண்டு மடங்கு எழுதுவது என்று கிளம்பினால், நேற்றையதைக் கடன் என்று ஒப்புக்கொண்டுவிட்டீர்கள் என்று பொருள். வழக்கமான நேரத்தில் உட்காருங்கள். குறிப்பைப் படியுங்கள், தோற்கிற டெஸ்ட்டை ஓட்டுங்கள், ‘முதல் காரியத்தை’ முடியுங்கள். அதற்குமேல் எழுத மனம் வந்தால் எழுதலாம். வராவிட்டால் பத்து நிமிடத்தோடு எழுந்துவிடலாம்.

படி 6: ஒரு நாள் ஒரு மாதமாக நீண்டால்

இந்தப் பயம்தான் அடியில் இருக்கிறது. ஒரு நாள் விட்டால் அப்படியே விட்டுப்போய்விடும் என்ற பயம். சில சமயம் விட்டுத்தான் போகும், பொழுதுபோக்குக்கு அந்த உரிமை உண்டு.

பொழுதுபோக்காகப் பிறந்தவை எப்படி வளர்ந்தன என்று பாருங்கள். 1989 டிசம்பரில் கிறிஸ்துமஸ் விடுமுறை வாரத்தில் பொழுதைப் போக்க ஒரு வேலை வேண்டுமென்று கீடோ வான் ரோசம் தொடங்கியது பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25 அன்று தன் இயங்குதளத்தை அறிவித்தபோது “வெறும் பொழுதுபோக்குதான்” என்று எழுதினார். அதன் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னலின் 1.0 பதிப்பு வர 1994 மார்ச் ஆனது. அதே லினஸ் 2018 செப்டம்பரில் ஒதுங்கி இருந்தார், கெர்னலைப் பராமரிப்பவர்களில் ஒருவரான கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் பார்த்துக்கொண்டார், அக்டோபரில் திரும்பி வந்தார். கெர்னல் நின்றுவிடவில்லை. டிசம்பரில் நாளொரு புரோகிராமிங் புதிர் தந்துவந்த அட்வென்ட் ஆஃப் கோடையே அதை நடத்தும் எரிக் வாஸ்டில் 2025-இல் 25 நாளிலிருந்து 12 நாளாகச் சுருக்கினார், உலகத் தரவரிசைப் பட்டியலையும் எடுத்துவிட்டார்.

இரண்டு வாரமாகியும் பீரோவைத் திறக்கத் தோன்றவில்லை என்றால், புராஜெக்ட்டின் முகப்பில் “இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறேன்” என்று ஒரு வரி எழுதுங்கள். பயன்படுத்துகிறவர்கள் இருந்தால் ரெப்போவை ஆவணமாக்கி வைக்கும் பொத்தான் கிட்ஹப்பிலேயே இருக்கிறது. அதை அழுத்தினால் எல்லோராலும் படிக்க முடியும், யாராலும் மாற்ற முடியாது. வேண்டும்போது நீங்களே திரும்பத் திறந்துகொள்ளலாம். கோட் மட்டுமின்றி, சாப்பாடு, நண்பர்கள், தூக்கம் எதிலுமே நாட்டமில்லாமல் வாரக்கணக்கில் போனால் அது இந்த வழிகாட்டியின் எல்லைக்கு வெளியே. ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

நாளை செவ்வாய்க்கிழமை. நானும் சலூன்காரரின் கிழமையையே எடுத்துக்கொண்டுவிட்டேன். அலாரம் அடித்துவிட்டது, நோட்டில் இருப்பது இதுதான்: “நிற்கும் இடம்: குற்றியலுகரம் பாதி. முதல் காரியம்: சிவப்பாக நிற்கும் டெஸ்ட்டை ஓட்டு. சந்தேகம்: ‘காசு’, ‘பிறப்பு’ இரண்டுக்கும் ஒரே விதி போதுமா?” சார்ஜர் அப்பா அறையில்.